காய்கறி, பழத்துக்கான அரசு மானியம்: பணமாகத் தருவதா, விலையைக் குறைப்பதா?

கேள்வி

வருமானம் குறைந்த குடும்பங்கள் காய்கறியும் பழமும் போதிய அளவு வாங்க அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் அதே காசுக்குத் தானியமும் எண்ணெயும் சர்க்கரையும் வயிற்றை நிரப்பிவிடுவதால், கை இறுகும்போது பட்டியலிலிருந்து முதலில் அடிபடுவது இவைதான். என் குழப்பம் நிதியை எந்த வடிவில் தருவது என்பதில் இருக்கிறது. பணமாகத் தந்தால் வாடகைக்குப் போய்விடும் என்கிறார்கள்; காய்கறிக்கு மட்டுமே செல்லும் கூப்பனாகத் தந்தால், ஏழைக்குத் தன் வீட்டுச் செலவைத் தீர்மானிக்கத் தெரியாது என்று அரசே சொல்வதுபோல் ஆகிறது. நடந்த திட்டங்களை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 1

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹாம்ப்டன் மாவட்டத்தில், உணவு உதவி பெறும் சுமார் 55,000 குடும்பங்களிலிருந்து 7,500 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 2011 நவம்பர் முதல் 2012 டிசம்பர் வரை ஒரு சோதனை நடத்தினார்கள். அவர்கள் காய்கறி, பழத்துக்குச் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட், உணவு உதவித் தொகை வரும் அதே அட்டையில் உடனே திரும்ப வரவு வைக்கப்பட்டது. விளைவாக, மற்ற குடும்பங்களோடு ஒப்பிடுகையில் இவர்கள் உண்ட காய்கறி, பழத்தின் அளவு சுமார் 26 விழுக்காடு கூடியது. அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய கால் கோப்பை. தேவையான அளவை எட்ட அது போதாது என்பது உண்மைதான்.

நீங்கள் எழுப்பிய மரியாதை பற்றிய கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. திரும்ப வந்த 30 சென்ட்டை அத்திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட எந்த உணவுக்கும் செலவழிக்கலாம். காய்கறியின் விலைதான் குறைந்ததே தவிர, வாங்குபவரின் கையை யாரும் கட்டவில்லை.

மறுமொழி 2

முன்னவர் சொன்னதில் 'அதே அட்டையில்', 'உடனே' என்ற இரண்டு சொற்களை அடிக்கோடிட விரும்புகிறேன். உதவித் தொகையில் எவ்வளவுக்கு வாங்குகிறார்களோ அவ்வளவுக்கு, காய்கறி, பழம் வாங்க மரத்தால் ஆன டோக்கன்களைக் கூடுதலாகத் தரும் ஒரு திட்டத்தில் நான் சில காலம் தன்னார்வலராக இருந்தேன். தாராளமான திட்டம், ஒன்றுக்கு ஒன்று. ஆனால் டோக்கன் வாங்க ஒரு தனி மேசையில் வரிசையில் நிற்க வேண்டும், பிறகு எல்லோருக்கும் தெரிய அவற்றை விற்பவரிடம் எண்ணிக் கொடுக்க வேண்டும், மீதிச் சில்லறையும் கிடையாது. ஒரு தாய் தராசில் எடை சரியாக வரும்வரை ஒவ்வொரு காயாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட, கடைசியில் டோக்கனைப் பைக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த டோக்கன் செலவாகவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்னொரு ஐயம். விலை குறைந்தாலும், வாங்கியது வீட்டில் அழுகிப்போனால் நட்டம் குடும்பத்துக்குத்தானே?

மறுமொழி 3

அந்த ஐயம் மிக நியாயமானது. விலைச்சீட்டை மட்டும் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் அதைத்தான். புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்வதற்குப் பத்து முறைக்கு மேலும் ஊட்டிப் பார்க்க வேண்டி வரலாம். வசதி உள்ள வீட்டில் அந்தப் பத்துத் தட்டும் குப்பைக்குப் போனால் யாரும் கவனிக்கப்போவதில்லை. மாதக் கடைசியை எண்ணி எண்ணிக் கழிக்கும் வீட்டில், குழந்தை எதை மறுக்காது என்று தெரியுமோ அதையே தாய் வாங்குவார். அறியாமை என்று அதைச் சொல்லக் கூடாது, அவர் போடும் கணக்கு மிகச் சரியானது. ஹாம்ப்டன் சோதனையில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு சேர்க்காத உறைய வைத்த காய்கறிகளையும் டப்பாவில் அடைத்தவற்றையும் உலர்ந்தவற்றையும் சேர்த்துக்கொண்டது, என் பார்வையில், அந்த 30 சென்ட்டுக்கு இணையாக முக்கியமான முடிவு. புதிதாகப் பறித்தது மட்டுமே தகுதி பெறும் என்று வைத்தால், குளிர்ப்பெட்டி இல்லாதவர் திட்டத்திலிருந்து தானாகவே விலகிவிடுவார்.

மறுமொழி 4

நிதியின் அளவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பிரிட்டனில், வருமானம் குறைந்த கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களும் பால், காய்கறி, பழம் வாங்க உதவ 2006இல் தொடங்கிய ஹெல்தி ஸ்டார்ட் திட்டத்தின் வாரத் தொகை 2009இல் 3.10 பவுண்டு என்று ஆனது. 2021 ஏப்ரலில்தான் அது 4.25 ஆக உயர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் யாரும் எதையும் வெட்டவில்லை, உதவியின் மதிப்பைக் குறைக்க விலைவாசி ஏறியதே போதுமானதாக இருந்தது. இதற்கு நேர்மாறான சிக்கல் மாசசூசெட்ஸில் 2017இல் மாநில அளவில் வந்த காய்கறி, பழ ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு நேர்ந்தது: மக்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வாங்கியதால் ஒதுக்கிய பணம் தீர்ந்து, 2018இல் சில வாரங்கள் ஊக்கத்தொகையை நிறுத்தி வைத்தார்கள். வாங்கிப் பழகிய குடும்பத்துக்கு அந்தச் சில வாரங்கள் எப்படி இருந்திருக்கும்! எனவே வடிவம் எதுவானாலும், தொகை விலைவாசியோடு தானாக ஏறுமா, தகுதி உள்ளவர் எத்தனை பேர் வந்தாலும் பணம் கிடைக்குமா என்ற இரண்டையும் சட்டத்திலேயே எழுதி வைக்காத திட்டத்தை நான் ஆதரிக்கத் தயங்குவேன்.