பெட்டியை விட்டுவிட்டுத் தேயிலைச் செடிக்கடியில் முட்டையிடும் கோழிகள்

கோத்தகிரிக்காரி:
8 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். 2 தக்காளிப் பெட்டியில் வைக்கோல் போட்டு வைத்தும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. திறந்துவிட்டதும் நேராகத் தேயிலைக்குள்தான். நேற்று மழையில் நனைந்துகொண்டே கவாத்தில் வெட்டிப்போட்ட குச்சிகளை விலக்கிப் பார்த்தால் 11 முட்டை, அதில் 3 வெறும் ஓடு. கீரி வேலை. மிச்சத்தைத் தண்ணீரில் போட்டேன், பாதி மிதந்தது, பழசாகிவிட்டது. வயிறு எரிகிறது.

பூம்பாறை:
அக்கா, ஒரு 10 நாளைக்கு 11 மணி வரை திறக்காதீர்கள். பெரும்பாலும் காலையில்தான் இடும். தீனி, தண்ணீர் உள்ளேயே வையுங்கள். பெட்டியில் ஒரு பிங்பாங் பந்து போடுங்கள், முட்டை என்று நம்பிவிடும்.

கோத்தகிரிக்காரி:
பந்தைச் சேவல் கொத்தி வெளியே தள்ளிவிட்டதே தம்பி! அப்புறம் 2 கோழி பெட்டியிலேயே படுத்து எச்சமிடுகிறது.

குன்னூர் தாத்தா:
பெட்டியைவிட உயரத்தில் கம்பு கட்டும்மா. கோழி உயரம் பார்த்துத்தான் அடையும். பெட்டி முன்னால் பழைய சாக்கைத் தொங்கவிடு, உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். பந்தில் ஓட்டை போட்டு மணலை நிரப்பி ஒட்டிவிடு.

கோத்தகிரிக்காரி:
5ஆம் நாள். கருப்பி மட்டும் சாக்கை விலக்கிக்கொண்டு போய், பந்தை ஒட்டி ஒன்று இட்டிருக்கிறாள். மற்றதெல்லாம் கதவருகே நின்று கத்துகிறது. பக்கத்து வீட்டில் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.