மார்ச் மாத பேஸ்பால் ஆட்டம் கணக்கில் சேராதா?

மாலைவெயில்:
அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸ் வந்து ஆறு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை முதன்முதலாக ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்த்தேன், எல்லைக்குப் பின்னால் இருக்கும் புல்மேட்டில் போர்வை விரித்து உட்கார்ந்து. ரொம்பப் பிடித்தது. ஆனால் அருமையாக வீசிக்கொண்டிருந்த பிட்சரை (பந்து வீசுபவர்) இரண்டே இன்னிங்ஸில் (இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும் சுற்று, ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது) வெளியே எடுத்துவிட்டார்கள். ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் போய், முதுகில் 87, 91 என்று எண் போட்ட பையன்கள் இறங்கினார்கள். கடைசியில் சமநிலை, அப்படியே எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். இதற்கெல்லாம் புள்ளி உண்டா? சீசனில் மொத்தம் எத்தனை ஆட்டம்?

நாலாவது பேஸ்:
நீங்கள் பார்த்தது ஸ்பிரிங் டிரெய்னிங், அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். சீசன் கணக்கில் சேராது. மேஜர் லீக் என்ற உயர்மட்டப் போட்டியின் 30 அணிகளில் பாதி அரிசோனாவிலும் பாதி ஃபுளோரிடாவிலும் தயாராகின்றன. பிப்ரவரி நடுவில் முதலில் வந்து சேர்கிறவர்கள் பிட்சர்களும் அவர்கள் பந்தைப் பிடிக்கும் கேட்சர்களும்தான், ஏனென்றால் வீசும் கை மெதுவாகத்தான் பதத்துக்கு வரும். முதலில் ஒன்றிரண்டு இன்னிங்ஸ், அப்புறம் மூன்று, நான்கு என்று கூட்டிக்கொண்டே போவார்கள். அதனால்தான் நன்றாக வீசினாலும் எடுத்துவிட்டார்கள். 87, 91 போட்டவர்கள் பெரும்பாலும் மைனர் லீக் (கீழ்நிலைப் போட்டி) பையன்கள். சீசன் தொடங்கும்போது அணியில் 26 பேருக்குத்தான் இடம். அந்த இரண்டு மூன்று இன்னிங்ஸில் பயிற்சியாளர் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்று உயிரைக் கொடுத்து ஓடுவார்கள், நான் அவர்களைப் பார்க்கவே கடைசிவரை உட்கார்ந்திருப்பேன்.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
சீசன் மார்ச் கடைசியில் தொடங்கும். ஓர் அணிக்கு 162 ஆட்டம், ஆறு மாதம், கிட்டத்தட்ட தினமும். ஐபிஎல் லீக் சுற்றில் 14 ஆட்டம் பார்த்துப் பழகிய நமக்கு இது பிடிபடவே நாளாகும். ஒரு ஊருக்குப் போனால் அதே அணியோடு மூன்று நான்கு நாள் தொடர்ந்து ஆடுவார்கள், தொடக்கப் பிட்சர்கள் ஐந்து பேர் முறை வைத்து வீசுவார்கள். 100 ஆட்டம் ஜெயித்தால் பிரமாதமான அணி, ஆனால் அதுவும் 62 முறை தோற்றிருக்கும்! அதனால் ஏப்ரலில் நாலு ஆட்டம் தோற்றதற்கு மனம் உடையாதீர்கள். சமநிலை என்பது சீசனில் கிடையாது, பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களில் இரண்டாவது) ஓர் ஆளை நிறுத்தித் தொடங்கி முடிவு வரும்வரை ஆடுவார்கள்.

ஜூலை நடுவில் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்காகச் சின்ன இடைவெளி. அக்டோபரில் சாம்பியனை முடிவுசெய்யும் பிளேஆஃப் சுற்றுகள், 2022 முதல் 12 அணிகள். 30 அணிகளும் இரண்டு லீக்காகவும், ஒவ்வொரு லீக்கும் மூன்று டிவிஷனாகவும் பிரிந்திருக்கும். இரண்டு லீக்கிலும் தலா மூன்று டிவிஷன் சாம்பியன்கள், மூன்று வைல்ட் கார்ட் (மற்றவர்களில் அதிகம் ஜெயித்த அணிகள்). முதல் சுற்று அதிகபட்சம் மூன்று ஆட்டம், அடுத்தது ஐந்து, அதற்கப்புறம் ஏழு, இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸும் ஏழு.

மாலைவெயில்:
இப்போது புரிகிறது. மார்ச் முடிவதற்குள் இன்னொரு முறை போகலாமா?

நாலாவது பேஸ்:
கட்டாயம் போங்கள். முடிந்தால் காலையிலேயே போய் பக்கத்துப் பயிற்சித் திடல்களைப் பாருங்கள், சில இடங்களில் உள்ளே விடுவார்கள். வேலி ஓரமாக நின்றால் கேட்சர் கையுறையில் பந்து விழுகிற அந்த 'டப்' சத்தம் பத்தடி தூரத்தில் கேட்கும்.