பேராக் ஆற்றுப் பாலம்: 1900-ஆ, 1932-ஆ? படத்தை வைத்து எப்படிச் சொல்வது?

மலர்க்குழு:
வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி மலருக்குப் பழைய படங்கள் வந்திருக்கின்றன. ஒன்றின் பின்புறம் "கோல கங்சார் பாலம் 1900" என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. பாலத்தின் மேல் லோரி போகிறது. இன்னொன்று தோட்டத்துக்குள் இருக்கும் இரும்புப் பாலம். 1935-இல் துரை கட்டியது என்கிறார்கள். பக்கச் சட்டங்கள் எல்லாம் ஒரே அளவு, டைமண்டு டைமண்டாக. இந்த ஆண்டுகளையே போடலாமா?

காராய்க்கரை:
முதல் படத்துக்கு 1900 வேண்டாம். அது கோல கங்சார் பக்கம் காராயில் பேராக் ஆற்றின் மேல் நிற்கும் விக்டோரியா பாலத்தின் ஆண்டு. 1900 மார்ச்சில் பேராக் சுல்தான் இட்ரிஸ் திறந்தது, ரயிலுக்காக மட்டும் கட்டியது, செங்கல் தூண்கள். ஓரத்து நடைவழியில் மோட்டார் சைக்கிள் போகும், லோரி ஏறவே முடியாது. 2002-இல் ரயிலும் பக்கத்துக் கான்கிரீட் பாலத்துக்கு மாறிவிட்டது.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வழியாக வரும் பழைய ரோடு கோல கங்சாருக்குள் நுழைவது இஸ்கந்தர் பாலத்தில், அது 1932. பெயரே சாட்சி: சுல்தான் இஸ்கந்தர் ஆண்டது 1918 முதல் 1938 வரை.  இந்தக் குழப்பம் பல மலர்களில் அச்சாகி, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வளர்ந்திருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கித் தளத்தைப் பாருங்கள். தண்டவாளம் இருந்தால் காராய், தார் ரோடு இருந்தால் இஸ்கந்தர். அகலமான புதுக் கான்கிரீட் பாலம் என்றால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இஸ்கந்தர் பாலத்தை 1941 டிசம்பரில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை வெடிவைத்துத் தகர்த்தது. அதனால் "1932 முதல் அப்படியே நிற்கிறது" என்று எழுதாதீர்கள். "1932-இல் திறக்கப்பட்டது, போரில் தகர்ந்து பின்னர் சீரமைக்கப்பட்டது" என்பதே சரி.

பழையரோடு:
இரண்டாவது படம் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெய்லி பாலம், ஒரே அளவு இரும்புச் சட்டங்களைக் கோத்துக் கட்டுவது. அது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக உருவானது, 1935-இல் உலகத்திலேயே கிடையாது. டேப் எடுத்து சட்டங்களை இணைக்கும் ஆணி ஒன்றிலிருந்து அடுத்த ஆணி வரை அளந்து பாருங்கள்: பெய்லி என்றால் 3.05 மீட்டர் (10 அடி). உயரம் ஏறக்குறைய 1.55 மீட்டர். சட்டம் ஒன்று 260 கிலோ சொச்சம், ஆறு பேர் தூக்கலாம். கிரேன் இல்லாத தோட்டத்துக்கு அதனால்தான் அது தோதாக இருந்தது. நீளம் 3.05 வந்து உயரம் ஒத்துவராவிட்டால் பிற்காலத்து வகை, ஆண்டு இன்னும் பின்னால் போகும்.

அதற்காகப் பெரியவர்கள் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். இரும்பை விட்டுவிட்டுக் கரையில் இருக்கும் தாங்குசுவரைப் பாருங்கள். செங்கல்லோ வெட்டுக்கல்லோ இருந்து, மேலே மட்டும் புதுக் கான்கிரீட் பூசியிருந்தால், பழைய பாலம் போய் அதே கால்களில் பெய்லி ஏறியிருக்கிறது. சுவரில் பழைய உத்திரம் உட்கார்ந்த குழிகள் அடைபட்டுத் தெரியும்.

மலர்க்குழு:
நன்றிண்ணே. பெய்லியாக இல்லாமல் ரிவெட் (தலை தட்டி இறுக்கிய இரும்பு ஆணி) அடித்த உத்திரமாக இருந்தால்?

காராய்க்கரை:
ரிவெட் இருந்தால் பெரும்பாலும் 1960-களுக்கு முன். பிறகு உறுதிமிக்க போல்ட்டும் வெல்டிங்கும் வந்துவிட்டன. ஒரே சட்டத்தில் ரிவெட்டும் போல்ட்டும் கலந்திருந்தால் பழுது பார்த்த இடம் அது. உத்திரத்தின் நடுத்தகட்டில் 'டோர்மன் லாங்' போன்ற ஆலைப் பெயர் புடைப்பாக இருக்கும். பெயிண்டுக்கு அடியில் மறைந்திருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், சுரண்ட வேண்டாம். அந்தப் பெயர் இரும்பு எந்த ஆலையில் உருவானது என்றுதான் சொல்லும். வேறு பாலத்திலிருந்து கழற்றி வந்த உத்திரமாகவும் இருக்கலாம். பாலத்துப் பலகையில் உள்ள ஆண்டும் அப்படித்தான், பெயிண்டு அடித்த ஆண்டைக்கூட எழுதி வைத்துவிடுகிறார்கள்.

பழையரோடு:
படம் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: ரிவெட் தலையைச் சுற்றித் துரு ஒழுகிய கோடு தெரிந்தால் அது ஆடுகிறது. தலையின் ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டினால் அசைவு விரலுக்குத் தெரியும். தூணின் அடியையும் பாருங்கள். மணல் எடுத்த ஆறுகளில் படுகை இறங்கி, மண்ணுக்குள் இருக்க வேண்டிய அடித்தளம் வெளியே நிற்கும். அப்படியிருந்தால் வேனை ஏற்றாதீர்கள், பொதுப்பணித் துறைக்கு (ஜேகேஆர்) சொல்லுங்கள். தோட்ட நிலமாக இருந்தால் முதலில் தோட்ட ஆபீசில்.