வளரும் நாடுகளின் கார்பன் ஒத்துழைப்பு கூட்டறிக்கையோடு சரியா, இல்லை நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா?

வெயிலோன் கேட்டது:

சீனாவும் இந்தோனேசியாவும் 2060, இந்தியா 2070, பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் 2050 என்று நெட் ஜீரோவுக்கு (வெளிவிடும் கார்பனும் திரும்ப உறிஞ்சப்படும் கார்பனும் சமமாகும் நிலை) ஆளுக்கொரு வருஷம் சொல்லிவிட்டார்கள், சரி. 2009-ல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்கு முன்னால் இந்தியா, சீனா, பிரேசில், தென்னாப்பிரிக்கா நான்கும் ஒரு அணியாகச் சேர்ந்ததிலிருந்து, 'எங்களுக்குள் ஒத்துழைப்போம்' என்ற பத்தி இல்லாத அறிக்கையே கிடையாது. பணக்கார நாடுகளிடம் பேரம் பேசச் சேர்ந்து நிற்பது புரிகிறது. அதைத் தாண்டி, ஒரு நாடு இன்னொரு நாட்டில் போய் உருப்படியாக எதையாவது கட்டியிருக்கிறதா, பணம் கொடுத்திருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மின்கம்பி:

இருக்கிறது, ஆனால் அறிக்கைகளில் தேடினால் கிடைக்காது. பிரேசிலில் பெலோ மோன்டே நீர்மின் நிலையம் அமேசான் காட்டுக்குள், ஷிங்கு ஆற்றில் இருக்கிறது. மின்சாரம் வேண்டியவர்களோ தென்கிழக்கில், ரியோ பக்கம். அவ்வளவு தூரத்துக்குச் சாதாரண உயர் அழுத்தக் கம்பியில் அனுப்பினால் இழப்பு அதிகம், அதனால் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் தடம் போட்டார்கள். போட்டது ஸ்டேட் கிரிட் என்ற சீன அரசு மின்கட்டமைப்பு நிறுவனம். மேற்கே அணைகள், கிழக்கே நகரங்கள் என்று இதே தலைவலி சீனாவுக்கும் இருந்து, அங்கே செய்து பழகிய தொழில்நுட்பம் இது. 2019-ல் முடிந்த இரண்டாவது தடம் மட்டும் 2,500 கிலோமீட்டருக்கு மேல். தானமெல்லாம் இல்லை, ஏலத்தில் ஜெயித்து, முதல் போட்டு, 30 வருஷ உரிமத்தில் சம்பாதிக்கிறார்கள். (அந்த அணை அங்கிருந்த பழங்குடி மக்களை என்ன பாடு படுத்தியது என்பதற்குத் தனி இழை போடலாம்.)

இன்னொன்று, சீனாவும் பிரேசிலும் சேர்ந்து செய்த சிபெர்ஸ் செயற்கைக்கோள்கள். ஒப்பந்தம் 1988-லேயே, முதல் ஏவுதல் 1999. அமேசானில் காடு எங்கே அழிகிறது என்று பார்க்க அந்தப் படங்கள் பயன்பட்டன.

வட்டிக்கணக்கு:

மேலே சொன்னது நல்ல உதாரணம், ஆனால் எல்லாம் கடைசியில் வட்டியில்தான் வந்து நிற்கும். நிலக்கரி நிலையத்தில் செலவு வருஷா வருஷம் எரிபொருளாகப் போகும். சூரிய மின் நிலையத்தில் எரிபொருளே இல்லை, கிட்டத்தட்ட மொத்தச் செலவும் முதல் நாளே, அதுவும் கடனில். அதனால் அதே வெயில், அதே பேனல் என்றாலும் வட்டி கூடுதலாக இருக்கும் நாட்டில் யூனிட் விலை எகிறிவிடும். கடன் டாலரில் இருந்து, உள்ளூர் நாணயம் சரிந்தால் அதற்கு மேல் இன்னொரு அடி.

பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கி (ஷாங்காயில் இருப்பது) எனக்குப் பிடிப்பது இதனால்தான். தொடங்கிய ஐந்து நாடுகளுக்கும் சம பங்கு, யாருக்கும் வீட்டோ இல்லை, உள்ளூர் நாணயத்தில் கடன் கொடுக்கப் பார்க்கிறார்கள். 2016-ல் அவர்களுடைய முதல் பசுமைப் பத்திரமே (சுற்றுச்சூழல் திட்டங்களுக்குக் கடன் திரட்டும் பத்திரம்) 300 கோடி யுவானுக்குத்தான், டாலரில் இல்லை. ஆனால் தேவையோடு வைத்துப் பார்த்தால் இந்த வங்கி சின்னது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பணக்கார நாடுகளை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். நிலக்கரியைக் கைவிட உதவுவதாக 2021-ல் 850 கோடி டாலர் அறிவித்தார்கள், பெரும்பகுதி கடன், 2025-ல் அமெரிக்கா விலகியே விட்டது.

கரித்துண்டு:

அண்ணன்மார் இரண்டு பேரும் நல்ல பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். சூரிய பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் உலகத் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம். அது விலை குறைய உதவியது, மறுக்கவில்லை. ஆனால் இந்தியா 2022 ஏப்ரலில் இறக்குமதி பேனலுக்கு 40 சதவீதச் சுங்க வரி போட்டது ஏன்? ஆலை தன் மண்ணில் வேண்டும் என்றுதான். ஒரே மேடையில் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்பவர்கள் சந்தையில் போட்டியாளர்கள்.

இந்தோனேசியா இன்னும் மோசம். 2020-ல் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்தார்கள், சீன நிறுவனங்கள் அங்கேயே வந்து உருக்காலை போட்டன. மின்வாகன பேட்டரிக்குப் போகிற நிக்கலை உருக்குவது எது தெரியுமா? ஆலைக்கென்றே தனியாகக் கட்டிய நிலக்கரி மின் நிலையங்கள். இத்தனைக்கும், வெளிநாட்டில் புதிதாக நிலக்கரி நிலையம் கட்டமாட்டோம் என்று ஷி ஜின்பிங் ஐ.நா.வில் சொன்னது 2021 செப்டம்பரில்.

வெயிலோன்:

நன்றி, இதைத்தான் எதிர்பார்த்தேன். ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி (எஃகு போன்ற இறக்குமதிப் பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்குப் போடுவது) 2026 ஜனவரியிலிருந்து முழுசாக வந்துவிட்டதே, அதற்காவது இவர்கள் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?

வட்டிக்கணக்கு:

எதிர்த்துக் கூட்டாக அறிக்கை விட்டார்கள், வரி நிற்கவில்லை. ஆனால் அந்த விதியிலேயே ஒரு வழி இருக்கிறது: உற்பத்தியான நாட்டிலேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். அதாவது எஃகுக்கான அந்தக் காசு ஐரோப்பாவுக்குப் போகாமல் சொந்த நாட்டிலேயே தங்கும். சீனாவின் கார்பன் சந்தை (உமிழ்வு உரிமங்களை வாங்கி விற்கும் ஏற்பாடு) 2021-லிருந்து ஓடுகிறது, பிரேசில் 2024 டிசம்பரில் சட்டம் போட்டது, இந்தியா 2023-ல் திட்டத்தை அறிவித்தது. சிக்கல் என்னவென்றால் இந்தியாவும் சீனாவும் ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு உமிழ்வு என்று அளக்கின்றன, பிரேசில் மொத்த உமிழ்வுக்கே உச்சவரம்பு வைக்கப் போகிறது. இந்த அளவைகளை முதலில் ஒப்பிடும்படி செய்யாமல் ஒருவர் கிரெடிட்டை (உமிழ்வைக் குறைத்ததற்குக் கிடைக்கும் சான்று) இன்னொருவர் வாங்க முடியாது. 2025 நவம்பரில் பெலெம் காலநிலை மாநாட்டில் பிரேசில் இதற்கென்று ஒரு கூட்டணி தொடங்கியது, சீனாவும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்திருக்கின்றன. நான் கவனிப்பது அதைத்தான்.