கட்டாயப் பாடத்தில் இரண்டாம் முறையும் ஃபெயில், விசாவும் முடியப்போகிறது: ஜெர்மனியில் படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

தாமிரபரணிக்கரை:

வணக்கம். ஜெர்மனியில் எலக்ட்ரிக்கல் மாஸ்டர்ஸ், மூன்றாவது செமஸ்டர். சிக்னல் ப்ராசஸிங் எங்களுக்குக் கட்டாயப் பாடம். முதலில் எழுதியபோது 5.0. திரும்ப எழுதியதற்கு நேற்று ரிசல்ட் வந்தது, அதுவும் 5.0. இங்கே 4.0 வரைதான் பாஸ். மூன்றாவது வாய்ப்பும் போனால் பெயரையே நீக்கிவிடுவார்கள் என்று வகுப்பில் பேசிக்கொள்கிறார்கள்.

இதற்கு நடுவில் என் ரெசிடென்ஸ் பெர்மிட் அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. வெளிநாட்டினர் அலுவலகத் தளத்தில் அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒரு தேதிகூடக் காலியில்லை. இந்த மார்க்கைப் பார்த்தால் நீட்டித்துத் தருவார்களா?

ஒரு கிடங்கில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் இரவு ஷிப்ட். அதை விட்டால் வாடகை கட்ட முடியாது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தைத்தான் வைத்திருக்கிறோம். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். எதை முதலில் செய்ய வேண்டும்?

எல்பே_ஓரம்:

தம்பி, பரீட்சை விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், விசா தெரிந்தவர்கள் வருவார்கள்.

முதல் வேலை, உங்கள் படிப்புக்கான ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்கை, அதாவது தேர்வு விதிமுறைகளை, துறைத் தளத்திலிருந்து இறக்கிப் படியுங்கள். ஜெர்மனில்தான் இருக்கும், மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது வரிவரியாகப் பாருங்கள். வகுப்பில் சொல்வது வேறு பல்கலைக்கழகத்து விதியாக இருக்கலாம். எத்தனை வாய்ப்பு, மூன்றாவதுக்குக் கால வரம்பு உண்டா, நீங்கள் பதிவு செய்யாவிட்டாலும் அடுத்த தேதிக்குத் தானாகவே பெயர் சேர்ந்துவிடுமா, எழுத்துத் தேர்வு போனால் வாய்மொழித் தேர்வு ஒன்று தருவார்களா, எதுவரை விலகிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தானாகப் பெயர் சேரும் இடங்கள் உண்டு. அது தெரியாமல் ‘நான் பதிவு செய்யவில்லையே’ என்று வீட்டில் இருந்துவிட்டால், வராததற்கே 5.0 போட்டுவிடுவார்கள்.

அடுத்தது கிளவுசூர்ஐன்சிக்ட். திருத்திய விடைத்தாளை நேரில் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பல துறைகளில் அதற்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்குவார்கள், தேதியை மூடுல் என்ற பாடத் தளத்திலோ பேராசிரியரின் பக்கத்திலோ போடுவார்கள். நம் பிள்ளைகள் பலரும் இதற்குப் போவதே இல்லை. கேட்டால் திருத்தியவர் கோபித்துக்கொள்வாரோ என்கிற பயம். இங்கே அப்படி யாரும் நினைப்பதில்லை. கூட்டலில் பிழை இருக்கலாம், பாதி வழி சரியாகப் போட்டதற்கு மதிப்பெண் விடுபட்டிருக்கலாம். எதுவுமே மாறாவிட்டாலும், எந்தக் கணக்கில் எங்கே அறுந்துபோனது என்று உங்களுக்குத் தெரியும். அது தெரியாமல் மூன்றாவது முறை உட்காராதீர்கள். திருத்தம் தவறு என்று உறுதியாகத் தோன்றினால் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து வழக்கமாக ஒரு மாதம்தான் அவகாசம்.

ஃபாக்‌ஷாஃப்ட் அலுவலகத்துக்கும் போங்கள். அது உங்கள் துறை மாணவர் குழு. பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும் அவர்களிடம் இருக்கும், எந்தப் பேராசிரியர் எப்படிக் கேட்பார் என்பதும் தெரியும்.

நம்மூரில் இன்டர்னல் மார்க் கைகொடுக்கும். இங்கே பல பாடங்களில் செமஸ்டர் முழுவதுக்கும் அந்த ஒரே பரீட்சைதான். வருகைப் பதிவும் பெரும்பாலும் இல்லை, அதனால் விரிவுரையை விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் வாராவாரம் உய்புங் எனும் பயிற்சி வகுப்பில் தரும் கணக்குகளின் சாயலில்தான் கேள்வி வரும். அந்த வகுப்புக்கு ஒழுங்காகப் போனீர்களா? இரவு ஷிப்ட் என்றதும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது.

விசா_அனுபவம்:

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது பெர்மிட் முடிவதற்கு முன் விண்ணப்பித்ததற்கான அத்தாட்சி. ஜெர்மன் வதிவிடச் சட்டம் 81-வது பிரிவு, 4-வது உட்பிரிவின்படி, காலாவதிக்கு முன் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை பழைய பெர்மிட்டே செல்லும், வேலை செய்யும் அனுமதியும் சேர்த்து. உங்கள் ஊரில் ஆன்லைன் விண்ணப்பம் இருந்தால் இன்றே போடுங்கள். இல்லையென்றால் எந்த வழியில் ஏற்பார்கள் என்று தளத்தில் பார்த்து, மின்னஞ்சலிலும் கடிதத்திலுமாக அனுப்புங்கள். கூடவே ஃபிக்‌ஷியோன்ஸ்பெஷைனிகுங் கேளுங்கள். பழைய பெர்மிட் தொடர்கிறது என்பதற்கான தாள் அது. வங்கி, முதலாளி எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

மார்க் பற்றி: ஒரு பாடம் போனதற்காக மறுப்பது வழக்கமில்லை. படிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அந்தப் படிப்பை மாணவர்கள் முடிக்கச் சராசரியாக எடுக்கும் காலத்தை 3 செமஸ்டருக்கு மேல் தாண்டாதவரை ஒழுங்காக நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மாணவர் பதிவுச் சான்று, மதிப்பெண் பட்டியல், காப்பீட்டுச் சான்று, பணத்துக்கான ஆதாரம் வைக்க வேண்டும். பணம் மாதம் 992 யூரோ, வருடத்துக்கு 11,904 என்ற கணக்கு. முழுவதையும் மறுபடி பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாதாமாதம் ஒரு பங்கை மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) போட வேண்டியதில்லை, சம்பளச் சீட்டுகளையும் பல அலுவலகங்கள் ஏற்கின்றன.

ரூர்_நகரத்துக்காரன்:

தம்பி, நான் எண்பதுகளில யாழ்ப்பாணத்தில இருந்து இஞ்ச வந்தனான். விசாத் தம்பி சொன்னது சரி. ஒண்டு மட்டும் கூடச் சொல்லுறன். கடிதம் அனுப்பேக்க சும்மா போடாமல் பதிவுத் தபாலில அனுப்புங்கோ, ரசீதைப் பத்திரமா வையுங்கோ. இந்த நாட்டில எல்லாம் கடிதத்தாலதான் நடக்கும். தபால் பெட்டியை ஒவ்வொரு நாளும் பாருங்கோ, பெட்டியில உங்கட பெயர் வடிவா ஒட்டியிருக்கோ எண்டும் பாருங்கோ. பெயர் இல்லாட்டி தபால்காரர் திருப்பிக் கொண்டு போயிடுவார், தவணை போனது உங்களுக்குத் தெரியவே வராது. வீடு மாறினால் நகரசபையில ரெண்டு கிழமைக்குள்ள புது விலாசத்தைப் பதியவும் வேணும்.

அம்மா அப்பாவுக்குச் சொல்லிப் போடுங்கோ. பிறகு தெரிய வந்தால் அவைக்கு அதுதான் பெரிய துக்கம்.

தாமிரபரணிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுவிட்டேன், பதிவு எண்ணும் வந்துவிட்டது. அக்கா, நீங்கள் கேட்டது உண்மைதான், உய்புங் காலை 7.30-க்கு, ஷிப்ட் முடிந்து என்னால் போக முடிவதில்லை. வேலையை எப்படி மாற்றுவது? பல்கலைக்கழக மாற்றம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

எல்பே_ஓரம்:

மாறுவதைப் பற்றி: மூன்றாவதும் போய் ‘இறுதியாகத் தேர்ச்சியில்லை’ என்றாகிவிட்டால், அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. சேர்க்கையின்போதே, தேர்வு உரிமை இன்னும் இருக்கிறது என்று பழைய இடத்திலிருந்து சான்று கேட்பார்கள். மாறுவதானால் மூன்றாவது முயற்சிக்கு முன்பே மாற வேண்டும். அங்கேயும் பழைய முயற்சிகளைக் கணக்கில் எடுக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள், படிப்பே மாறுவதானால் வெளிநாட்டினர் அலுவலகத்திடமும். ஒரு பாடத்துக்காக நான் மாறச் சொல்ல மாட்டேன்.

வேலை: உங்கள் துறையிலேயே ஹிவி வேலை தேடுங்கள். ஆய்வகத்தில், உய்புங் திருத்துவதில், பேராசிரியரின் ப்ராஜெக்ட்டில் என்று மாணவர்களுக்கே வைத்திருக்கும் வேலை. 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யலாம், ஹிவி அந்தக் கணக்கிலேயே சேராது. சம்பளம் கிடங்கைவிடக் குறையலாம், ஆனால் பகலில் முடியும், பாடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பீர்கள். அது கிடைக்கும்வரை ஷிப்ட்டை வார இறுதிக்கு மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

பணம் மிகவும் நெருக்கினால் ஸ்டூடன்ட்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பின் சமூக ஆலோசனைக்குப் போங்கள். உங்கள் ஊரில் என்ன உதவி இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். மனநல ஆலோசனையும் அங்கேயே உண்டு, பெரும்பாலும் இலவசம், பல ஊர்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். தூக்கம் கெட்டிருந்தால் தயங்காமல் போங்கள், அதைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க மாட்டார்கள்.

பரீட்சை அன்று உடம்பு சரியில்லையென்றால் எழுதாதீர்கள். அன்றே டாக்டரிடம் போய்ச் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு உடனே கொடுங்கள். எழுதி முடித்து, ரிசல்ட் பார்த்த பிறகு காய்ச்சல் என்றால் பொதுவாக எடுபடாது.

வைகை_வங்கி:

கடன் பற்றி ஒரு வார்த்தை, நான் அரசு வங்கியில் இருந்தவன். பெரும்பாலான அரசு வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பு குறித்த காலத்தில் முடியாவிட்டால் அதிகபட்சம் 2 ஆண்டு வரை நீட்டிப்பு தர இடமுண்டு. அது தானாகக் கிடைக்காது. பல்கலைக்கழகத்தின் பதிவுச் சான்றோடு, தவணை தொடங்குவதற்கு முன்பே கிளையில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அப்பாவும் கடனில் கையெழுத்துப் போட்டவராகத்தான் இருப்பார், கிளைக்குப் போகப்போவதும் அவர்தான். அவருக்குத் தெரியாமல் இதைச் செய்ய முடியாது.

தாமிரபரணிக்கரை:

விடைத்தாளைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு மதிப்பெண் கூடியது, பாஸுக்குப் போதவில்லை. ஆனால் இசட் டிரான்ஸ்ஃபார்ம் கணக்குகள் மூன்றிலும் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறேன் என்று தெரிந்தது. திருத்திய உதவியாளரே உட்கார வைத்து விளக்கினார், உய்புங்குக்கு வா என்றார். எங்கள் விதியில் மூன்றாவது முயற்சிக்குத் தானாகப் பெயர் சேராது, இரண்டு செமஸ்டருக்குள் எழுத வேண்டும். அதனால் கோடையில் எழுதப் போகிறேன். ஷிப்ட்டை வெள்ளி, சனிக்கு மாற்றிவிட்டார்கள். அப்பாவிடம் பேசிவிட்டேன், திங்கள்கிழமை வங்கிக்குப் போகிறார்.

இன்னொரு சந்தேகம். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வர வேண்டும். ஃபிக்‌ஷியோன் தாளை வைத்துக்கொண்டு போய்த் திரும்பி வரலாமா?

விசா_அனுபவம்:

தாளில் எந்த உட்பிரிவில் குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 81-இன் 4-வது என்றால், பாஸ்போர்ட்டோடும் பழைய பெர்மிட் கார்டோடும் போய்த் திரும்பலாம். 3-வது என்றால் போகாதீர்கள், திரும்பி வர அது செல்லாது. நீங்கள் நீட்டிப்புக்குப் போட்டிருப்பதால் 4-வதாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் கையில் வாங்கி, குறியைக் கண்ணால் பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள். ஜெர்மனிக்கு நேராக இறங்கும் விமானமாகப் பாருங்கள். வேறு ஷெங்கன் நாட்டில் இறங்கினால் அங்குள்ள அதிகாரிக்கு இந்தத் தாள் பழக்கமில்லாமல் இருக்கலாம்.