காய்கறி மானியம் கடைக்கா, கைக்கா?

புக்கிட் மேரா வாசகி:
வாடகை வீடுகள் நிறைந்த புளோக்குகளுக்குப் பசுங்காய்கறி, பழம், மீன் ஆகியவற்றை ஏற்றிவரும் வண்டிகளுக்கு மானியம் வழங்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2004ஆம் ஆண்டிலேயே, பேரங்காடிகள் எட்டிப் பார்க்காத ஏழைப் பகுதிகளில் கடை திறப்போருக்குக் கடனும் மானியமும் கொடுக்கத் தொடங்கியது. சிங்கப்பூரில் கடைகளுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் ஓரறை வீட்டில் தனியாக வாழ்ந்து, முழங்கால் வலியோடு மேம்பாலம் ஏறி இறங்க முடியாத மூதாட்டிக்கு, அடுத்த பேட்டையில் காய்கறி, மீன் விற்கும் ஈரச்சந்தை இருந்தும் இல்லாததுதான். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் விலை ஏறும்போது, ஏழை வீட்டுத் தட்டிலிருந்து முதலில் விலகுபவை கீரையும் பழமுமே.

பொருளியல் ஆசிரியர்:
தங்கள் அக்கறையை மதிக்கிறேன் அம்மா. வழியை ஏற்க இயலவில்லை. அதே பென்சில்வேனியாவின் பிலடெல்பியா நகரில் புதிய பேரங்காடி திறக்கப்பட்ட ஒரு வட்டாரத்தை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், கடை அருகில் இருப்பதை மக்கள் உணர்ந்தார்களே தவிர, அவர்கள் உண்ட காய்கறி, பழத்தின் அளவு குறிப்பிடும்படி உயரவில்லை. ஏழைகளுக்கும் வசதி படைத்தோருக்கும் இடையிலான ஊட்டச்சத்து வேறுபாட்டில் கடைகளையும் விலையையும் சமமாக்குவதால் குறையக்கூடியது ஏறத்தாழ 10 விழுக்காடுதான் என்று 2019இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு கணித்தது. எனவே மானியப் பணம், காய்கறி வாங்குபவர் கைக்குப் போகட்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2009இல் தொடங்கிய திட்டம், உணவு உதவித்தொகையில் உழவர் சந்தையில் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் ஈடாகக் காய்கறி, பழம் வாங்க இன்னொரு டாலர் சேர்த்துத் தந்தது. நம்மிடம், அரசு குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு பாதியைப் பேரங்காடிகளிலும் செலவிடலாம். காய்கறிக்கென்று கூடுதல் தொகை சேர்த்தால் போதும். வண்டிக்கான மானியத்தில் பெரும்பகுதி ஓட்டுநர் சம்பளத்துக்கும் எரிபொருளுக்கும் கரைந்துவிடும்; மானியம் நின்ற மறுமாதமே வண்டியும் நின்றுவிடும்.

புக்கிட் மேரா வாசகி:
ஐயா, அந்தப் பிலடெல்பியா ஆய்வு சொல்வது வட்டாரத்தின் சராசரி. நடக்க முடிந்தவரையும் முடியாதவரையும் ஒன்றாகக் கூட்டிப் பெறும் சராசரியில், நான் பேசும் மூதாட்டி தென்படமாட்டார். அவர் கையில் பற்றுச்சீட்டு இருந்தாலும், அதைச் செலவிட யாரோ ஒருவர் அவருக்காகக் கடைக்குப் போயாக வேண்டுமே.

துவாஸ் மேற்பார்வையாளர்:
இருவரும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளை மறந்துவிட்டீர்கள். சிடிசி பற்றுச்சீட்டு சிங்கப்பூரர் வாழும் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே ஆசிரியர் சொல்லும் வழி இவர்களைச் சென்றடையாது. அதிகாலையில் வேலைத்தளத்துக்குக் கிளம்பும் தம்பிமார் பலர், விடியுமுன் சமைத்துப் பொட்டலமாகக் கட்டிய கேட்டரிங் சாப்பாட்டை நண்பகலில்தான் பிரிக்கிறார்கள். அதற்குள் குழம்பு புளித்துவிடுவதும் உண்டு. இவர்களுக்குத் தேவை கடை அன்று. வேலைத்தளத்துக்கு அருகிலேயே சமைத்துச் சூடு ஆறாமல் கொடுக்கும் சமையற்கூடம். மானியம் அதற்குத்தான் முதலில் போக வேண்டும்.

பொருளியல் ஆசிரியர்:
பற்றுச்சீட்டு அவர்களுக்கு எட்டாது என்பது உண்மை. ஆயினும் ஊழியரின் உணவு முதலாளியின் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பொதுப்பணத்தைக் கொண்டு அதைத் தாங்கினால், மலிவான ஒப்பந்தம் தேடும் நிறுவனத்துக்குத்தான் லாபம். விடுதி உணவுக்கு வேண்டியது மானியம் அன்று. சமைத்த எத்தனை மணி நேரத்துக்குள் உண்ணக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, மீறினால் தண்டிக்கும் விதி.

துவாஸ் மேற்பார்வையாளர்:
விதி வரட்டும், வரவேற்கிறேன். அது வரும்வரை அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பவர்கள் என்ன செய்வது?

புக்கிட் மேரா வாசகி:
இரண்டு தேவைகளையும் ஒரே நிதியில் போட்டியிட வைக்காதீர்கள். என் கோரிக்கை சிறியது: முதியோர் மிகுந்த வாடகை புளோக்குகள் சிலவற்றில் ஓராண்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள், ஆசிரியர் சொல்லும் கூடுதல் தொகையையும் அந்த வண்டியிலேயே செலவிட விடுங்கள். நடமாட முடியாதவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பதைத் தனியாகக் கணக்கிட்டு, அந்தக் கணக்கை எல்லாரும் காண வெளியிட வேண்டும்.