வாசலில் கையெழுத்து வாங்கிய மின்சார ஒப்பந்தம்: ரத்து செய்தவர்கள் உண்டா?

சிட்னியில் இருப்பவர்களிடம் ஓர் உதவி. கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் வந்து, "பழைய பில்லைக் காட்டுங்க, விலை சரியான்னு பார்க்கணும்" என்று சொல்லி, பக்கத்து வீட்டு மாமியிடம் டேப்லெட்டில் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். கதவில் 'தட்டாதீர்கள்' ஸ்டிக்கர் வேறு!

10 வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்கிறது சட்டம். ஆனால் நிறுவனத்தைக் கூப்பிட்டால் முகவரைக் கேளுங்கள் என்கிறார்கள். 2011-இல் மின் நிறுவனங்களே சேர்ந்து, தங்கள் விற்பனை ஆட்களைத் தாங்களே கண்காணிக்க 'எனர்ஜி அஷ்யூர்ட்' என்று ஓர் ஏற்பாடு கொண்டுவந்தன. விற்பனைக் கமிஷனுக்காக அலைகிற ஆளை, அவரை அனுப்பிய நிறுவனமே பிடிக்குமாம்! அதுவும் நிலைக்கவில்லை.

யாராவது இப்படி ரத்து செய்திருக்கிறீர்களா? மின்னஞ்சல் போதுமா, பதிவுத் தபாலா? புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் நேரே போகலாமா, முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.